இரத்தத்தில் குறைந்தவை குடலில் குவிந்தன: ஒரு வாய்ப்புற்று நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்கள் சென்ற வழி

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையே உள்ள ஓர் ஊரில் விசைத்தறி ஓட்டிவந்த, ஐம்பது வயதை நெருங்கிய ஒருவரின் நோய் வரலாறு இது. வாயில் வந்த புற்றுநோய்க்காகக் கோயம்புத்தூரில் அவருக்கு வெவ்வேறு கட்டங்களில் சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுக்களை, நோய்க்குறியியல் மருத்துவர் என்ற முறையில் நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரே மனிதரின் நிணநீர் அணுக்கள் முதலில் புற்றின் விளிம்பிலேயே நின்றுவிட்டதையும், பின்னர் அதற்குள் நுழைந்ததையும், அதே காலத்தில் பெருங்குடலின் சுவரில் திரண்டு அதைப் புண்ணாக்கியதையும் அடுத்தடுத்துக் காணக் கிடைப்பது அரிது என்பதால் இதை முழுமையாக எழுதுகிறேன். அவரும் அவர் மனைவியும் இதற்கு இசைந்தார்கள். அவர்கள் யார் என்று தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியின் பின்னணி

இரவு ஷிப்டில் தறி குடோனில் தூக்கம் வராமல் இருப்பதற்காக, இளம் வயதிலேயே பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கப் பழகியவர். தமிழ்நாட்டில் 2013-இல் குட்கா தடை செய்யப்பட்ட பிறகும் அவருடைய பழக்கம் நிற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய் வந்து, ஆறு மாத மாத்திரைகளையும் விடாமல் சாப்பிட்டுக் குணமாகியிருந்தார். வலது நுரையீரலின் மேற்பகுதியில் அதன் தழும்பு படத்தில் தெரிந்தது. இந்தப் பழைய தழும்புதான் பிற்காலத்தில் ஒரு முக்கியமான மருந்துத் தேர்வைத் தீர்மானித்தது.

புற்று வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அவருக்கு வாய் இறுகிக்கொண்டு வந்தது. "ரெண்டு வெரலுக்கு மேல வாயி தொறக்கறதில்லீங்க, களியக்கூடப் பிச்சுப் பிச்சுத்தான் போட்டுக்குவாருங்க" என்று அவர் மனைவி சொன்னது, பாக்கு மெல்லுவோருக்கு வரும் நார்ப்படிவு நோயின் சரியான விவரிப்பு. பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய பொருட்கள் வாயின் உட்சவ்வுக்கு அடியிலுள்ள நார் அணுக்களைத் தூண்டி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிப் படிய வைக்கின்றன. மென்மையாக நெகிழ வேண்டிய கன்னம் தடித்து வெளுத்து இறுகுகிறது. அந்த மண்ணில் புற்று வரும் வாய்ப்பும் மிகுகிறது.

இடது கீழ்த்தாடைக்கும் கன்னத்துக்கும் நடுவே, புகையிலையை அடக்கி வைக்கும் அதே பள்ளத்தில், புண் தோன்றியது. பல் கிழித்த புண் என்று பல மாதங்கள் விட்டுவிட்டார். கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். கன்னத்தின் ஒரு பகுதி, கீழ்த்தாடை எலும்பின் ஒரு துண்டு, இடது கழுத்தின் நிணநீர் முடிச்சுகள் ஆகியவை அறுவையில் அகற்றப்பட்டன. ஒரு முடிச்சில் புற்று அதன் உறையைக் கிழித்து வெளியே பரவியிருந்ததால், 60 கிரே கதிர்வீச்சும், ஊர்ப்பேச்சில் சொன்னால் 'கரண்ட்டும்', அதனுடன் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோதெரபி மருந்தும் கொடுக்கப்பட்டன. ஓர் ஆண்டு நிறைவதற்குள் வலது கழுத்தின் தோலுக்கடியில் ஒரு கட்டியும் இரு நுரையீரல்களிலும் சிறு முடிச்சுகளும் தென்பட்டன. காசநோய் வந்துபோன நுரையீரல் என்பதால் அவை மீண்டும் காசநோயாக இருக்கலாம் என்ற ஐயத்தை ஊசித் திசு ஆய்வு மூலம் தீர்த்துக்கொண்டோம். அவை புற்றுதான், சளியில் காசநோய்க் கிருமி இல்லை.

முதல் ஸ்லைடு

நோய் திரும்பிவந்தபோது, அடுத்த சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டத்துக்காக முதல் அறுவையின் மெழுகுக் கட்டிகளை மீண்டும் வெட்டி, புற்றணுவைக் கொல்லவல்ல நிணநீர் அணுக்களான சிடி8 வகை டி அணுக்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி நிறமேற்றினோம். முதல் அறிக்கையில் வழக்கம்போல 'நிணநீர் அணுக்களின் எதிர்வினை: மிதம்' என்று எழுதப்பட்டிருந்தது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது சரியே. ஆனால் நிறமேற்றிய ஸ்லைடில் தெரிந்த காட்சி அந்தச் சொல்லில் அடங்கவில்லை.

புற்றணுக்கள் தீவுகளைப் போலக் கூட்டம் கூட்டமாக இருந்தன. நடுவில் கெரட்டின் என்னும் கடினப் புரதம் உருண்டு கிடந்தது. தீவுகளுக்கு இடையே, முறுக்கேறிய பாவில் இழைகள் நெருக்கமாக ஓடுவதைப் போல, இளஞ்சிவப்புக் கொலாஜன் கற்றைகள் ஒரே திசையில் இறுக்கமாக ஓடின. பழுப்பு நிற டி அணுக்கள் அந்தக் கற்றைகளுக்கு இடையே நீளவாக்கில் ஒடுங்கி, கற்றை ஓடும் திசையிலேயே நீண்டிருந்தன. கற்றையைக் குறுக்காகக் கடந்து புற்றுத் தீவுக்குள் வந்தவை மிகச் சிலவே. பெரிதாக்கிப் பார்த்தபோது சிறு இரத்தநாளங்களைச் சுற்றிலும் அவை அடர்ந்திருந்தன. அதாவது, இரத்தத்திலிருந்து வெளியேறும் வேலை நடந்திருக்கிறது. வெளியேறிய பிறகு இலக்கை அடையும் வேலை நின்றுபோயிருக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் நுணுக்கமன்று. 2017-இல் டேனியல் சென், ஐரா மெல்மன் இருவரும் புற்றுகளை அவற்றிலுள்ள டி அணுக்களின் நிலையை வைத்து மூவகையாகப் பிரித்துக் காட்டினார்கள். டி அணுக்கள் புற்றுக்குள்ளேயே கலந்திருப்பவை ஒரு வகை. புற்றைச் சூழ்ந்த நார்ப்பகுதியில் தடைபட்டு நிற்பவை மற்றொரு வகை. டி அணுக்களே இல்லாத வறண்ட புற்றுகள் மூன்றாவது வகை. நம் நோயாளியின் புற்று இரண்டாவது வகை. அதற்கும் முன்பே, 2006-இல், பாரிஸில் ஜெரோம் கலோனின் குழு பெருங்குடல் புற்றில் டி அணுக்கள் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் எவ்வளவு இருக்கின்றன என்று தனித்தனியே அளந்து, நோயாளியின் வருங்காலத்தை அது நன்கு முன்னுணர்த்துவதைக் காட்டியிருந்தது. ஆக, எந்த இடத்தில் எத்தனை என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி.

உடலில் அணுக்கள் செல்லும் வழி

இதைப் புரிந்துகொள்ள, நோயில்லாத உடலில் இந்த அணுக்கள் எவ்வாறு நடமாடுகின்றன என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். காலில் கருவேல முள் தைத்துச் சீழ் பிடித்தால் அரையில் நெறி கட்டும் என்பது காட்டு வேலை செய்யும் யாருக்கும் தெரிந்த செய்தி. அந்த ஒரு முள்ளில் இரண்டு பயணங்கள் நிகழ்கின்றன. இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் முள் தைத்த இடத்துக்கு விரைந்து சீழாகின்றன. அங்குள்ள டென்ட்ரிட்டிக் அணுக்கள் என்னும் காவல் அணுக்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய் வழியே அரையிலுள்ள முடிச்சுக்குப் போகின்றன.

வெள்ளணுக்கள் இரத்தநாளத்தின் சுவரைக் கடந்து வெளியே வருவதை 1867-இல் யூலியஸ் கோன்ஹைம் தவளையின் திசுவில் நேரடியாகப் பார்த்து எழுதினார். அது எப்படி நடக்கிறது என்பது தெளிவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அழற்சி ஏற்பட்ட இடத்தில் நாளத்தின் உட்சுவர் செலக்டின் என்னும் மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. ஓடிவரும் வெள்ளணு அவற்றில் பட்டு வேகம் குறைந்து சுவர்மேல் உருள்கிறது. உருளும்போதே சுவரில் பதிந்துள்ள கீமோகைன்கள் என்னும் அழைப்புப் புரதங்களை உணர்கிறது. உணர்ந்த நொடியில் அதன் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்னும் பற்றும் புரதங்கள் விறைத்து நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. பின்னர் அது தட்டையாகி, சுவரணுக்களுக்கு இடையே புகுந்து திசுவுக்குள் இறங்குகிறது. இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் பயணம் நின்றுவிடும்.

அப்படித் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிறவி நோய் சான்றாக இருக்கிறது. இன்டெக்ரினின் சிடி18 என்னும் பகுதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழ வெகுநாள் ஆகும். புண்கள் ஆறாமல் அழுகும், ஆனால் சீழ் பிடிக்காது. இரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோஃபில்கள் இயல்பைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும், ஏனென்றால் அவை வெளியேற வழியின்றி இரத்தத்திலேயே சுற்றுகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் வரும் என்பதால், உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில் குழந்தை மருத்துவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நிணநீர் அணுக்களின் பயணம் இதைவிட நீண்டது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் 1959 முதல் நடத்திய ஆய்வுகளில், எலியின் மார்பு நிணநீர்க் குழாயிலிருந்து எடுத்த அணுக்களை அடையாளமிட்டு இரத்தத்தில் செலுத்தி, அவை மீண்டும் நிணநீர் முடிச்சுகளுக்குள் புகுந்து நிணநீர் வழியே திரும்பி வருவதைக் காட்டினார். அதுவரை, நாள்தோறும் இரத்தத்துக்கு வரும் அத்தனை நிணநீர் அணுக்களும் எங்கே மறைகின்றன என்பது விளங்காதிருந்தது; அவை மறைவதில்லை, சுற்றி வருகின்றன என்று அவருடைய சோதனை நிலைநாட்டியது. இன்னும் கிருமியைச் சந்திக்காத ஒரு டி அணு, முடிச்சுக்குள் இருக்கும் தனிவகைச் சிரைகளின் வழியே இறங்கி, சிசிஆர்7 என்னும் ஏற்பியின் துணையோடு டென்ட்ரிட்டிக் அணுக்களின் நடுவே நிமிடத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் அலைந்து தேடுகிறது. தனக்குரியது எதுவும் கிடைக்காவிட்டால், ஒரு நாளுக்குள் வெளியேறி அடுத்த முடிச்சுக்குப் போகிறது.

வெளியேறுவதற்கும் ஒரு வழிகாட்டி உண்டு. ஸ்ஃபிங்கோசின் பாஸ்பேட் என்னும் கொழுப்புப் பொருள் இரத்தத்திலும் நிணநீரிலும் மிகுதியாகவும் திசுக்களுக்குள் குறைவாகவும் இருப்பதால், டி அணு அதை நாடி வெளியே வருகிறது. தனக்குரிய கிருமித் துணுக்கைக் கண்ட டி அணு, அதை உணரும் ஏற்பியைச் சில நாட்களுக்கு உள்ளே இழுத்துக்கொண்டு முடிச்சிலேயே தங்கிப் பெருகுகிறது. நெறி வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நரம்புறை நோய்க்கு 2010 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுள்ள ஃபிங்கோலிமாட் இந்த ஏற்பியைத்தான் முடக்குகிறது. அதை உட்கொள்பவரின் இரத்தத்தில் நிணநீர் அணுக்கள் வெகுவாகக் குறையும். ஆனால் அவை அழியவில்லை, முடிச்சுகளில் தங்கிவிட்டன. உடலிலுள்ள மொத்த நிணநீர் அணுக்களில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே இரத்தத்தில் இருக்கின்றன என்பதை நினைத்தால், இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நாம் காணும் எண் எவ்வளவு சிறிய சாளரம் என்பது விளங்கும்.

பெருகி முடிச்சைவிட்டு வெளியேறும் டி அணு எங்கே போக வேண்டும் என்பதும் அந்த முடிச்சிலேயே முடிவாகிறது. குடலைச் சேர்ந்த முடிச்சுகளிலுள்ள டென்ட்ரிட்டிக் அணுக்கள் உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதன் தூண்டுதலால் டி அணுவின் மேல் ஆல்ஃபா-4 பீட்டா-7 என்னும் இன்டெக்ரின் தோன்றுகிறது. குடலின் சிறு சிரைகள் மட்டுமே பெருமளவில் ஏந்தியிருக்கும் மேட்கேம்-1 என்ற மூலக்கூறு அதைப் பற்றிக்கொள்ளும். தோலைச் சேர்ந்த முடிச்சில் பெருகியவை வேறு மூலக்கூறுகளை ஏந்தித் தோலுக்குத் திரும்புகின்றன. இந்தச் செய்தி இந்த நோயாளியின் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

புற்று போடும் தடைகள்

புற்று இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் குறுக்கிடுகிறது. புதிய நாளங்களை வளர்க்கப் புற்று சுரக்கும் விஇஜிஎஃப், அந்த நாளங்களின் சுவரில் டி அணுக்கள் பற்றிக்கொள்ளத் தேவையான மூலக்கூறுகளைக் குறைக்கிறது. டி அணுக்களை அழைக்கும் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 ஆகிய கீமோகைன்கள் பல புற்றுகளில் குறைந்துபோகின்றன. மாறாக, எதிர்ப்பை அடக்கும் வகையைச் சேர்ந்த மோனோசைட்டுகளையும் நியூட்ரோஃபில்களையும் அழைக்கும் கீமோகைன்கள் மிகுகின்றன. புற்றைச் சூழ்ந்த நார் அணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்தின் தூண்டுதலால் கொலாஜனைக் குவிக்கின்றன. 2018-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்தால் எலிகளில் டி அணுக்கள் புற்றுக்குள் நுழைவதைக் காட்டின. வெட்டி எடுத்த மனித நுரையீரல் புற்றில் உயிருள்ள டி அணுக்களின் ஓட்டத்தைப் படம்பிடித்தவர்கள், கொலாஜன் தளர்ந்த இடங்களில் அவை விரைவதையும் இறுகிய இடங்களில் தேங்குவதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் நோயாளிக்குப் புற்று இந்தத் தடையைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை என்றே கருதுகிறேன். பாக்கு ஏற்கெனவே இருபது, முப்பது ஆண்டுகளாகக் கொலாஜனைப் படியவைத்திருந்தது. புற்று அதற்குள் முளைத்தது. அவருடைய ஸ்லைடில் புற்றிலிருந்து விலகிய, நோயற்றதாகத் தோன்றிய கன்னச் சவ்வின் அடியிலும் அதே இறுக்கமான கற்றைகள் இருந்தன. நம் நாட்டு வாய்ப்புற்றில் ஒரு பெரும் பகுதி இத்தகைய வாயில்தான் வருகிறது என்பதால், மேல்நாட்டு நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை நேராக இங்கே பொருத்துவதற்கு முன் இதைக் கணக்கில் கொள்வது அவசியம்.

மற்றொரு கொடுமையும் உண்டு. நிணநீர் அணுக்கள் போகும் வழியையே புற்றணுவும் கடன் வாங்குகிறது. டி அணுவை முடிச்சுக்கு அழைத்துச் செல்லும் சிசிஆர்7 ஏற்பியைச் சில புற்றணுக்களும் ஏந்துவதையும், அவை முடிச்சுகளை நாடிப் பரவுவதையும் 2001-இல் மார்பகப் புற்றில் கண்டறிந்தார்கள். இவர் கழுத்தில் கட்டிய நெறி, முள் தைத்தவருக்குக் கட்டும் நெறியின் வழியிலேயே வந்தது. வந்து தங்கியது வேறு.

சிகிச்சையும் முதல் பலனும்

நோய் திரும்பிய நிலையில், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2023-இல் முழுமையாக வெளியான ஆய்வின் முறையைப் பின்பற்றினோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப், அதாவது டி அணுவின் வேலையைத் தடுத்து நிறுத்தும் பிடி-1 என்னும் ஏற்பியை மூடும் ஊசி மருந்து. அத்துடன் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், நாள்தோறும் செலகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். அந்த ஆய்வில் மாத்திரைகளை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிருடன் இருந்தவர்கள் 16.3 சதவீதம், குறைந்த அளவு நிவோலுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம். வழக்கமான அளவின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து பயன் தருவதற்குக் காரணம், டி அணுவின் மேலுள்ள பிடி-1 ஏற்பிகள் சிறிதளவு மருந்திலேயே நிரம்பிவிடுவதும், வாரக்கணக்கில் நிரம்பியே இருப்பதும் ஆகும். தறி ஓட்டும் குடும்பத்துக்கு முழு அளவின் விலை கனவிலும் எட்டாது. நம் நாட்டு மருத்துவர்கள் தம் நோயாளிகளின் கைக்கெட்டும் அளவை ஆய்வு செய்து நிறுவியதை, இத்துறையில் அண்மையில் நடந்த மிக நல்ல செயல்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

பிடி-1 தடுப்பு மருந்து களைத்த டி அணுவை எழுப்புகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுக் கதையன்று. தோல் புற்றுகளில் 2019-இல் நடந்த ஓர் ஆய்வு, மருந்துக்குப் பின் புற்றுக்குள் வேலை செய்த டி அணுக்களில் பெரும்பாலானவை அங்கே முன்பு இல்லாத புதிய வழித்தோன்றல்கள் என்று காட்டியது. அதாவது, புதியவை வெளியிலிருந்து வந்து சேர்கின்றன. அவை வருவதற்கு நிணநீர் முடிச்சு வேண்டும், வழி வேண்டும். கழுத்து முடிச்சுகளை அகற்றிக் கதிர்வீச்சும் கொடுத்த பிறகு இந்த மருந்தைத் தருவதைவிட, முடிச்சுகள் இருக்கும்போதே அறுவைக்கு முன் தொடங்குவது மேல் என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்க்கிறது. கீநோட்-689 என்ற பெரிய ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்னும் பிடி-1 தடுப்பு மருந்தை அறுவைக்கு முன்பே தொடங்கியவர்களில் மூன்றாண்டு நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் 57.6 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.4 சதவீதம், அதன் அடிப்படையில் 2025-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

நம் நோயாளிக்கு இரண்டு மாதத்தில் கழுத்துக் கட்டி பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. நுரையீரல் முடிச்சுகள் வளரவில்லை. கதிர்வீச்சுக்குப் பின் மைக்ரோலிட்டருக்கு 600 வரை இறங்கியிருந்த இரத்த நிணநீர் அணுக்களின் எண்ணிக்கை அப்போதும் பெரிதாக உயரவில்லை.

குடல்

மூன்றாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் நீர்த்தும், பின்னர் சளியும் இரத்தமும் கலந்தும், நாளுக்கு ஏழெட்டு முறை போயிற்று. எர்லோடினிப் மாத்திரையே வயிற்றுப்போக்கை உண்டாக்கும். செலகாக்சிப் குடலைப் புண்படுத்தக்கூடும். இவை போக, கிருமிகளும் அமீபாவும் நம் ஊரில் எப்போதும் முதல் ஐயத்துக்குரியவை. எல்லா மருந்துகளும் நிறுத்தப்பட்டன. மாத்திரையால் வந்ததாயின் சில நாட்களில் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை. மலப் பரிசோதனைகளில் கிருமி எதுவும் கிடைக்கவில்லை. பெருங்குடல் உள்நோக்கியில் சவ்வு சிவந்து, இரத்தநாளங்களின் இயல்பான கோலம் மறைந்து, ஆழமற்ற புண்கள் பரவிக் கிடந்தன.

அங்கிருந்து எடுத்த திசு என் மேசைக்கு வந்தது. குடல் சுரப்பிகளுக்கு இடையே நிணநீர் அணுக்களும் பிளாஸ்மா அணுக்களும் நிறைந்திருந்தன. சில சுரப்பிகளின் உள்ளே நியூட்ரோஃபில்கள் சீழாகத் தேங்கியிருந்தன. சுரப்பிகளின் அடியில் ஒற்றை ஒற்றையாக அணுக்கள் சுருங்கி மடிந்திருந்தன. சிடி8 நிறமேற்றியபோது, முதல் ஸ்லைடில் கொலாஜன் கற்றைகளுக்கு இடையே ஒடுங்கி நின்ற அதே வகை அணுக்கள் இங்கே எந்தத் தடையுமின்றிச் சுரப்பியின் சுவர் அணுக்களுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்திருந்தன. குடலைப் புண்ணாக்கக்கூடிய சைட்டோமெகாலோ வைரஸுக்கான நிறமேற்றத்தில் எதுவும் தெரியவில்லை. நிவோலுமாபால் வந்த குடல் அழற்சி என்று அறிக்கை கொடுத்தேன். டி அணுவின் மற்றொரு தடையான சிடிஎல்ஏ-4-ஐ மூடும் மருந்துகளோடு ஒப்பிட்டால் பிடி-1 மருந்தை மட்டும் தரும்போது இது அரிதே, ஆயினும் வரும்.

ஸ்டீராய்டு ஊசி தொடங்கப்பட்ட மறுநாள், இரத்தத்தில் வெள்ளணுக்கள் 7,000-இலிருந்து 16,000-ஆக உயர்ந்தன. கிருமித்தொற்று என்று அஞ்சி ஆன்டிபயாட்டிக் எழுதும் நிலை வந்தது. காய்ச்சலும் இல்லை, தொற்றின் வேறு அடையாளமும் இல்லை. நாளச் சுவரோடு ஒட்டி நின்ற நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு அவிழ்த்து ஓட்டத்தில் சேர்க்கிறது, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளியே விடுகிறது. நிணநீர் அணுக்களையோ இரத்தத்திலிருந்து மஜ்ஜைக்கு அனுப்பிக் குறைக்கிறது. எண் மாறியதெல்லாம் இடம் மாறியதால்தான்.

அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங்க டாக்டருங்க, கரண்ட் வெச்சப்ப வெள்ளணு கொறஞ்சிருச்சு, எதிர்ப்புச் சக்தி இல்லைன்னீங்க. இப்ப அதே வெள்ளணுதான் வவுத்தப் புண்ணாக்குதுங்கறீங்க. எதுங்க நெசம்?" மருத்துவக் கல்லூரியில் கேட்டிருந்தாலும் இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்க முடியாது. "ரெண்டும் நெசந்தானுங்கம்மா. ஊசி போட்டு எண்ணுனது ரத்தத்துல ஓடறத மட்டுந்தானுங்க. மிச்சமெல்லாம் ஒடம்புக்குள்ள வேற எடத்துல இருக்குதுங்க. இப்ப அதுக போகவேண்டிய எடத்துக்கும் போயிருக்குது, போகக்கூடாத எடத்துக்கும் போயிருக்குதுங்க" என்றேன். "அப்பக் கொடலுக்குப் போறத மட்டும் நிறுத்தற மருந்து இல்லீங்களா?" என்று கேட்டார். அன்று பிற்பகல் நாங்கள் கூடி விவாதித்ததும் அதையேதான்.

ஒரு வழியை மட்டும் அடைத்தல்

ஐந்து நாள் ஸ்டீராய்டுக்குப் பின்னும் நாளுக்கு நான்கைந்து முறை இரத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. இந்நிலையில் வழக்கமாக அடுத்துத் தருவது இன்ஃபிலிக்சிமாப். விரைந்து வேலை செய்யும் மருந்து. ஆனால் அது டிஎன்எஃப் என்னும் புரதத்தை உடல் முழுவதும் தடுக்கிறது. பழைய காசநோய்க் கிருமிகளைச் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் அணுக்களின் கூட்டம் கலைந்துபோகாமல் இருக்க அந்தப் புரதம் வேண்டும். அதைத் தடுத்தால் உறங்கும் காசநோய் எழக்கூடும் என்பது நன்கு அறியப்பட்ட ஆபத்து. இவருடைய நுரையீரலில் தழும்பு இருக்கிறது, ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாற்றாக இருந்தது வெடோலிசுமாப். ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரினை மட்டும் மூடி, டி அணு குடலின் மேட்கேம்-1-ஐப் பற்றாமல் செய்யும் எதிர்ப்புரதம். குடல் அழற்சி நோய்களுக்காக 2014-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இதற்கு முன் வந்த நட்டாலிசுமாப் ஆல்ஃபா-4 பகுதியையே மூடியதால், குடலுக்கு மட்டுமன்றி மூளைக்குப் போகும் வழியும் அடைபட்டது; சிலருக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கியதால் 2005-இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு கடும் கட்டுப்பாடுகளோடு மீண்டும் வந்தது. வெடோலிசுமாபில் அந்த அகலம் இல்லை. கழுத்திலுள்ள புற்றுக்குள் நுழையும் டி அணு பற்றிக்கொள்வது விகேம்-1, ஐகேம்-1 போன்ற மூலக்கூறுகளை. அவ்வழி திறந்தே இருக்கும்.

தடைகள் இரண்டு. அது மெதுவாக வேலை செய்யும், ஏனெனில் ஏற்கெனவே குடலில் இறங்கிய அணுக்களை அது வெளியேற்றாது, புதியவை வருவதை மட்டுமே நிறுத்தும். மற்றது விலை. முதல் ஊசிக்கான பணத்தை உறவினர்களும் தறி முதலாளியும் சேர்ந்து திரட்டினார்கள். அடுத்தவற்றுக்கு ஓர் அறக்கட்டளை உதவியது. 300 மில்லிகிராம் வீதம் தொடக்கத்திலும், இரண்டாம் வாரத்திலும், ஆறாம் வாரத்திலும் கொடுக்கப்பட்டது. முதல் ஊசிக்குப் பின் பத்து நாட்கள் வரை பெரிய மாற்றமில்லை. அந்த நாட்களை ஸ்டீராய்டைக் குறைக்காமல் கடந்தோம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரத்தம் நின்றது. ஆறாம் வாரத்தில் ஒரு நாளுக்கு இருமுறை, கட்டியாகவே, போயிற்று. ஸ்டீராய்டு படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது.

கழுத்தில் எஞ்சிய கட்டி

இந்த வாரங்களில் நிவோலுமாப் கொடுக்கப்படவில்லை; ஸ்டீராய்டும் ஓடியது. கழுத்தில் எஞ்சியிருந்த சிறு கட்டி உயிருள்ள புற்றா, வெறும் தழும்பா என்று தெரிந்தால்தான் மருந்தை மீண்டும் தொடங்குவதா என்று முடிவெடுக்க முடியும் என்பதால், தோலைச் சிறிது திறந்து அதை எடுத்தார்கள்.

பெரும்பகுதி கெரட்டின் குப்பையும், அதைத் தின்னும் பல கருக்கள் கொண்ட பெரிய அணுக்களும், தழும்புமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் சில புற்றுத் தீவுகள் எஞ்சியிருந்தன. அவற்றுக்குள், ஒவ்வொரு புற்றணுவுக்கும் ஒன்றிரண்டு என்று சொல்லுமளவுக்குப் பழுப்பு நிற அணுக்கள் இருந்தன. முதல் ஸ்லைடில் நூல்போல் நீண்டிருந்தவை இங்கே உருண்டையாகி, புற்றணுவோடு ஒட்டி அமர்ந்திருந்தன. சற்றுத் தள்ளி, பி அணுக்களும் டி அணுக்களும் சேர்ந்து ஒரு சிறு நிணநீர் முடிச்சைப் போலவே அமைந்த திரள் ஒன்றும் தென்பட்டது. இத்தகைய திரள்கள் உள்ள புற்றுகள் இவ்வகை மருந்துகளுக்கு நன்கு இணங்குவதை 2020-இல் வெளியான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழுத்துக் கட்டி கன்னத்தைப் போலப் பாக்கினால் இறுகிய இடத்தில் வளரவில்லை, தோலுக்கடியின் தளர்ந்த கொழுப்பில் வளர்ந்தது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். கன்னத்திலேயே புற்று திரும்பியிருந்தால் இதே பலன் கிடைத்திருக்கும் என்று நான் கூறத் துணியமாட்டேன்.

குடல் அழற்சி கடுமையாக வந்துவிட்டதால் நிவோலுமாபை மீண்டும் தொடங்கவில்லை. வாரந்தோறும் மெத்தோட்ரெக்சேட் மட்டும் தொடர்கிறது. கடைசியாக எடுத்த படத்தில் நுரையீரல் முடிச்சுகளில் ஒன்று சற்றே பெரிதாகியிருக்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. அவருக்குத் தறி ஓட்டும் வலு இல்லை; வீட்டிலிருந்தபடியே வரவு செலவுக் கணக்குப் பார்க்கிறார்.

எங்கள் ஆய்வகத்தில் இந்நிகழ்வுக்குப் பிறகு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். வாய்ப்புற்று அறுவை மாதிரிகளின் அறிக்கையில் 'மிதம்', 'அதிகம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், நிணநீர் அணுக்கள் புற்றுத் தீவுகளுக்குள் உள்ளனவா, விளிம்பில் உள்ளனவா, நாளங்களைச் சுற்றி மட்டும் உள்ளனவா என்று தனித்தனியே எழுதுகிறோம். அருகிலுள்ள சவ்வில் பாக்கினால் வந்த நார்ப்படிவு உண்டா என்பதையும் தவறாமல் சேர்க்கிறோம். இதற்குச் சிறப்பு நிறமேற்றம் எல்லா நேரத்திலும் தேவையில்லை. வழக்கமான ஸ்லைடிலேயே, பொறுமையாகப் பார்த்தால், பெரும்பாலும் தெரிந்துவிடும். ஈரோடு, சேலம், கரூர் பகுதிகளில் இதே மாதிரிகளைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்களும் இவ்விரு வரிகளையும் தங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்கும் மேசையில் அந்த இரண்டு வரிகள் இப்போது கேட்கப்படுகின்றன.